பஸ்ஸுக்கு வழி காட்டிய கணித மேதை பாஸ்கல்

நகரத்தில் பஸ் ஓடுகிறது. ஏறுகிறவர்கள் சில்லறையை நீட்டுகிறார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறார். பணக்காரர், ஏழை, கிழவி, பள்ளிப் பிள்ளை எல்லோரும் ஒரே வண்டியில் போகிறார்கள். இது தினமும் காணும் காட்சி. ஆகவே யாரும் இதை ஆச்சரியமாக நினைப்பதில்லை.

ஆனால், குறிப்பிட்ட பாதை, குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட கட்டணம் என்ற மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு நகரத்துக்குள் வண்டி விடலாம் என்பதை முதலில் ஒருவர் யோசித்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி யோசித்தவர் வண்டிக்காரர் அல்ல. வியாபாரியும் அல்ல. உலகம் போற்றும் கணித மேதை. அவர் பெயர் பிளேய்ஸ் பாஸ்கல்.

அவர் அந்த வண்டியை ஓடவிட்டது 1662-ம் ஆண்டு. ரெயில் கிடையாது, மோட்டார் கிடையாது, பெட்ரோல் கிடையாது. குதிரைதான் உண்டு. அந்தக் காலத்தில் பாரிஸ் நகரத்தில் இந்த அதிசயம் நடந்தது.

தாயில்லாப் பிள்ளை

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் கிளெர்மோன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1623-ம் ஆண்டு ஜூன் மாதம் 19-ந் தேதி பாஸ்கல் பிறந்தார். தந்தை எத்தியேன், வரி சம்பந்தமான பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். பாஸ்கலுக்கு மூன்று வயதாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டாள். அக்காள் ஜில்பெர்த், தங்கை ஜாக்குலின் ஆகிய இருவரோடு பாஸ்கல் வளர்ந்தார்.

தந்தை மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளின் படிப்பே தன் வேலை என்று முடிவு செய்தார். 1631-ம் ஆண்டில் குடும்பத்தோடு பாரிஸ் நகரத்துக்குக் குடிவந்தார். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் தந்தை கண்டிப்பாக இருந்தார். முதலில் மொழிகளைப் படிக்க வேண்டும், கணக்கு பிறகுதான் என்று சொல்லி, கணிதப் புத்தகங்களை ஒளித்து வைத்துவிட்டார். ஆனால் பையன் சும்மா இருக்கவில்லை. தரையில் கரித்துண்டால் வட்டமும் கோடும் போட்டுத் தானாகவே வடிவ கணிதத்தைக் கண்டுபிடிக்கத் தொடங்கினான். அப்போது அவனுக்கு வயது 12. இதைக் கண்ட தந்தைக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது என்று அக்காள் ஜில்பெர்த் எழுதி வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து புத்தகங்கள் பையன் கைக்கு வந்தன.

16 வயதில் பாஸ்கல் எழுதிய கணித ஆராய்ச்சி, பெரிய அறிஞர்களையே வியக்க வைத்தது.

கணக்குப் போடும் பெட்டி

இதற்கிடையே குடும்பத்துக்குச் சோதனை வந்தது. தந்தை தம் பணத்தில் பெரும்பகுதியை அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டிருந்தார். 1638-ம் ஆண்டில் அரசாங்கம் பத்திரக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் கை வைத்தது. பணம் போட்டவர்கள் கூடிக் கூச்சலிட்டார்கள். எத்தியேனும் அவர்களில் ஒருவர். முதன் மந்திரி ரிஷ்லியூவின் கோபத்துக்கு ஆளான அவர், பாரிஸை விட்டு ஓடி ஒளிய நேர்ந்தது.

தங்கை ஜாக்குலின்தான் குடும்பத்தைக் காப்பாற்றினாள். மந்திரியின் முன்னிலையில் குழந்தைகள் நடித்த ஒரு நாடகத்தில் அவள் நன்றாக நடித்தாள். மந்திரி மகிழ்ந்திருந்த சமயம் பார்த்து, தந்தையை மன்னிக்கும்படி வேண்டினாள். மன்னிப்புக் கிடைத்தது. அதோடு ருவான் நகரத்தில் வரி அதிகாரி வேலையும் கிடைத்தது.

வரிக் கணக்கு என்றால் சாமானியமா? தந்தை இரவெல்லாம் விழித்துக் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மகனின் மனம் பொறுக்கவில்லை. இந்த வேலையை ஒரு யந்திரமே செய்தால் என்ன என்று நினைத்தார். 1642-ம் ஆண்டில் வேலையைத் தொடங்கினார். பல் சக்கரங்களை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக 50 மாதிரிகள் செய்து பார்த்தார். 1645-ம் ஆண்டில் அவருடைய கணக்கு யந்திரம் உருவாகிவிட்டது. சக்கரத்தைச் சுழற்றினால் விடை தானாக வந்து நிற்கும்.

யந்திரம் அபாரமாக வேலை செய்தது. ஆனால் விற்கவில்லை. காரணம், விலை அதிகம். நல்ல பொருளாக இருந்தால் மட்டும் போதாது, ஜனங்கள் கொடுக்கக்கூடிய விலையும் வேண்டும் என்ற பாடத்தைப் பாஸ்கல் இளம் வயதிலேயே பார்த்துவிட்டார்.

மலை உச்சியில் ஒரு சோதனை

காற்றுக்கு எடை உண்டு, அது எல்லாப் பொருள்களையும் அழுத்துகிறது என்பதை நிரூபிக்கப் பாஸ்கல் விரும்பினார். மலை மேலே போகப் போக அந்த அழுத்தம் குறைய வேண்டும் அல்லவா? அவருக்கோ உடல்நலம் சரியில்லை. ஆகவே அக்காள் கணவர் பெரியேயிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1648-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ந் தேதி பெரியே, புய் தெ டோம் என்ற மலை மீது பாதரசக் குழாயோடு ஏறினார். பாஸ்கல் சொன்னபடியே மலை உச்சியில் பாதரசம் இறங்கி நின்றது. இன்று காற்றழுத்தத்தை அளக்கும் அளவுக்குப் பாஸ்கல் என்றே பெயர்.

1654-ம் ஆண்டில் இன்னொரு பெரிய காரியம் செய்தார். சூதாட்டத்தில் பாதியில் ஆட்டம் நின்றுவிட்டால் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று ஒரு கேள்வி. பெர்மா என்ற கணித அறிஞரோடு கடிதம் எழுதி அதற்கு விடை கண்டார். இனி நடக்கப் போவதைக் கூடக் கணக்கால் மதிப்பிடலாம் என்ற சாத்தியக்கூறு கணிதம் இப்படித்தான் வளர்ந்தது. இன்றைய இன்ஷூரன்ஸ் தொழிலுக்கு அடிப்படை அந்தக் கணிதமே.

அதே 1654-ம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ந் தேதி இரவு பாஸ்கலின் வாழ்க்கை மாறியது. அன்று அவருக்கு ஆழ்ந்த பக்தி அனுபவம் ஏற்பட்டது. அதை ஒரு காகிதத்தில் எழுதித் தம் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகே அது பிறர் கண்ணில் பட்டது. அன்று முதல் ஆடம்பரத்தைக் குறைத்தார். ஏழைகளுக்குக் கொடுப்பதே பெரிய வேலை என்று கருதினார்.

சேற்றில் நடந்த பாரிஸ்

அந்தக் காலத்துப் பாரிஸ் மிகப் பெரிய நகரம். லட்சக்கணக்கான ஜனங்கள் வாழ்ந்தார்கள். பிரபுக்களுக்குச் சொந்தக் கோச்சு வண்டி இருந்தது. பணம் உள்ளவர்கள் வாடகைக் கோச்சு வண்டியோ, ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலிப் பல்லக்கோ பிடித்துப் போனார்கள். மற்றவர்களுக்குக் கால்தான் வண்டி. மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு. கோர்ட்டுக்குப் போகிற வழக்காளியும் நடந்தார். நோயாளியும் நடந்தார்.

பாஸ்கலுக்கு நோயாளியின் கஷ்டம் நன்றாகத் தெரியும். 24 வயதிலேயே கால்கள் வலுவிழந்து கோல் ஊன்றி நடந்தவர் அவர். வாழ்நாள் முழுவதும் தலைவலியும் வயிற்று வலியும் அவரை விடவில்லை.

ஒருவர் தனியாக வண்டி பிடித்தால் முழு வாடகையையும் அவரே கொடுக்க வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து போனால்? செலவு எட்டாகப் பிரிந்துவிடும். ஆனால் ஒரே இடத்துக்குப் போகிற எட்டுப் பேரை எங்கே தேடுவது? தேட வேண்டாம். வண்டி ஒரே பாதையில் போய்ப் போய் வந்துகொண்டே இருக்கட்டும். வேண்டியவர் வழியில் ஏறட்டும், வேண்டிய இடத்தில் இறங்கட்டும். இதுதான் பாஸ்கலின் யோசனை.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வண்டி நேரத்துக்குப் புறப்பட வேண்டும். காலியாக இருந்தாலும் புறப்பட வேண்டும். சாதாரண வண்டிக்காரர் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். காலி வண்டி ஓட்டினால் நஷ்டம் அல்லவா? ஆனால் வண்டி நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை பிறந்தால்தான் ஜனங்கள் தெருவில் வந்து காத்து நிற்பார்கள். இன்று ஒரு வண்டி காலியாகப் போகலாம். நாளை நான்கு வண்டிகள் நிரம்பி வழியலாம். மொத்தத்தில் கணக்கு சரியாகிவிடும். பஸ் போக்குவரத்தின் ரகசியமே இதுதான்.

பணம் எங்கிருந்து வந்தது?

யோசனை இருந்தால் போதுமா? கோச்சு வண்டிகள் வாங்க வேண்டும். குதிரைகள் வாங்க வேண்டும். தீனி போட வேண்டும். வண்டிக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். முதல் டிக்கெட் காசு வருவதற்கு முன்பே பெரும் பணம் செலவாகும்.

பாஸ்கலின் நெருங்கிய நண்பர் ரோவானே பிரபு. அவர் செல்வந்தர். 1661-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ரோவானே பிரபு, பாஸ்கல், இன்னும் சில பிரபுக்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஏற்படுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. செலவும் பங்குப்படி, லாபமும் பங்குப்படி.

1662-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மன்னர் 14-ம் லூயி அனுமதி கொடுத்தார். பாரிஸ் நகரத்துக்குள் இப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டும் உரிமை இந்தக் கம்பெனிக்கு மட்டுமே என்று உத்தரவாயிற்று. போட்டிக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்ற உறுதி இருந்தால்தானே பணக்காரர் பணம் போடுவார்?

கட்டணம் ஐந்து சோல். சோல் என்பது அந்தக் காலத்துச் சிறு நாணயம். 20 சோல் சேர்ந்தது ஒரு லிவ்ர். வண்டியில் எட்டுப் பேர் உட்காரலாம். எட்டு இடமும் நிரம்பினால் ஒரு தடவைக்கு 40 சோல், அதாவது இரண்டு லிவ்ர் வசூலாகும்.

கோலாகலமான முதல் நாள்

1662-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி, சனிக்கிழமை. காலை 7 மணி. பாரிஸின் கிழக்கே உள்ள செயின்ட் ஆந்துவான் வாசலிலிருந்து லக்சம்பர்க் அரண்மனை வரை முதல் பாதை. ஏழு வண்டிகள் இரண்டு முனைகளிலும் தயாராக நின்றன.

அதிகாரிகள் அங்கி அணிந்து வந்தார்கள். காவலர்கள் சூழ்ந்து நின்றார்கள். இந்த வண்டிகளால் ஜனங்களுக்கு என்ன நன்மை என்று ஓர் அதிகாரி எடுத்துச் சொன்னார். வண்டிக்கு இடையூறு செய்தால் கடும் தண்டனை என்றும் எச்சரித்தார். வண்டிக்காரர்களுக்கு நீல நிற மேலங்கி கொடுக்கப்பட்டது. அதில் மன்னரின் சின்னமும் நகரத்தின் சின்னமும் பொறித்திருந்தன. நகர வண்டிக்காரரின் யூனிபாரம் அன்றே வந்துவிட்டது!

வண்டிகள் புறப்பட்டன. தெருவின் இரு பக்கமும் ஜனத்திரள். தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பண்டிகை நாள் போல் இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வந்துகொண்டே இருந்தது. தங்க நாணயம் கொடுக்கக் கூடாது என்று விளம்பரத்தில் அறிவித்திருந்தார்கள். சில்லறை மாற்றுவதில் நேரம் போய்விடும் என்ற பயம்! சில்லறைத் தகராறு பஸ்ஸுக்கு முன்பே பிறந்துவிட்டது.

ஜில்பெர்த்தும் தம்பியின் வண்டியில் ஏற ஆசைப்பட்டு வழியில் காத்து நின்றாள். ஒரு வண்டி வந்தது, இடம் இல்லை. அடுத்ததும் அப்படியே. இப்படி ஐந்து வண்டிகள் நிரம்பிப் போயின. பாவம், பஸ்ஸைக் கண்டுபிடித்தவரின் அக்காளுக்கே பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை! வண்டிகள் போதவில்லை என்பதுதான் ஜனங்களின் ஒரே குறை என்று அவள் ஒரு கடிதத்தில் எழுதினாள்.

எங்கள் பகுதிக்கும் வண்டி வேண்டும் என்று பல பேட்டைக்காரர்கள் கேட்டார்கள். ஏப்ரல் மாதம் 11-ந் தேதி இரண்டாவது பாதை திறந்தது. மே மாதம் 22-ந் தேதி மூன்றாவது. ஜூன் மாதம் 24-ந் தேதி, நகரத்தைச் சுற்றிவரும் வட்டப் பாதை. இதில் தூரத்துக்கு ஏற்ற கட்டணம் என்ற முறையும் வந்தது. பாதையை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஓர் எல்லையைத் தாண்டினால் மறுபடியும் கட்டணம் வாங்கினார்கள். ஜூலை மாதம் 5-ந் தேதி ஐந்தாவது பாதையும் வந்துவிட்டது. நான்கே மாதத்தில் ஐந்து பாதைகள்!

கதவை அடைத்த உத்தரவு

ஆனால் ஒரு பெரிய தவறும் நடந்தது. மன்னரின் உத்தரவைப் பதிவு செய்ய வேண்டியது பாரிஸ் உயர் நீதிமன்றம். பதிவு செய்யும்போது அது ஒரு தடையைச் சேர்த்துவிட்டது. சிப்பாய்கள், எடுபிடிப் பையன்கள், வீட்டு வேலைக்காரர்கள், கூலி வேலை செய்பவர்கள் இந்த வண்டியில் ஏறக் கூடாது என்பதே அந்தத் தடை. வசதியுள்ள நகரவாசிகள் நிம்மதியாகப் போக வேண்டுமாம்!

முதல் நாள் வேலையை விட்டு வந்து வேடிக்கை பார்த்த தொழிலாளிகள், வண்டியில் ஏற முடியாதவர்கள். காசு கையில் இருந்தாலும் இடம் கிடையாது. யாருடைய கால் அதிகம் வலிக்கிறதோ அவருக்கே கதவு மூடப்பட்டது. ஆத்திரம் வராமல் இருக்குமா? வண்டிகளுக்குத் தொல்லை கொடுக்கத் தொடங்கினார்கள். அதை அடக்க அதிகாரிகள் மறுபடியும் எச்சரிக்கை விட நேர்ந்தது.

ஏழைகளின் பங்கு

பாஸ்கலுக்கு இந்த வண்டிகள் மீது வேறொரு நம்பிக்கையும் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் புளுவா என்ற பகுதியில் கடும் பஞ்சம். ஜனங்கள் பட்டினியால் வாடினார்கள். வண்டியிலிருந்து தமக்கு வர வேண்டிய லாபத்தை முன்பணமாக வாங்கி, ஆயிரம் பிராங்கு அங்கே அனுப்பப் பாஸ்கல் விரும்பினார்.

ஜில்பெர்த் தடுத்தாள். இந்தத் தொழிலில் லாபம் வருமா என்பதே இன்னும் தெரியவில்லை, ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். பாஸ்கல் ஒப்புக்கொள்ளவில்லை. நஷ்டம் வந்தால் தம் சொந்தச் சொத்திலிருந்து கட்டிவிடுவதாகச் சொன்னார். பசித்தவன் ஒரு வருஷம் பொறுக்க மாட்டான் என்பது அவர் வாதம். ஆனால் பேச்சு முடிவதற்குள் அந்த ஏழைகளுக்கு வேறு வழியில் உதவி போய்ச் சேர்ந்தது.

அதற்குள் பாஸ்கலின் உடல் மோசமாகிவிட்டது. முந்தைய அக்டோபரில் அருமைத் தங்கை ஜாக்குலினையும் இழந்திருந்தார். தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மை கண்டது. குழந்தையை வெளியே அனுப்பினால் அதற்கு ஆபத்து என்று சொல்லி, பாஸ்கல் தாமே வீட்டை விட்டு வெளியேறினார். ஜூன் மாதக் கடைசியில் அக்காள் வீட்டுக்குப் போனார். மறுபடியும் தம் வீட்டுக்குத் திரும்பவில்லை.

படுக்கையில் இருந்தபோது, தம்மைப் போலவே நோயில் கிடக்கும் ஓர் ஏழையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, தமக்குச் செய்யும் சிகிச்சையெல்லாம் அவருக்கும் செய்ய வேண்டும் என்று கேட்டார். அது முடியவில்லை. அப்படியானால் தம்மை ஏழைகளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். வைத்தியர்கள் சம்மதிக்கவில்லை. தம் உயிலில் வண்டி வருமானத்தின் ஒரு பகுதியை ஆஸ்பத்திரிகளுக்கு எழுதி வைத்தார்.

1662-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி பாஸ்கல் காலமானார். வயது 39. வண்டி ஓடத் தொடங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

பஸ் என்ற சொல்

அவர் போன பிறகு வண்டிகள் சில ஆண்டுகள் ஓடின. வண்டிக் காதலை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம்கூட மேடை ஏறியது. ஆனால் பழைய உற்சாகம் இல்லை. பெருவாரியான ஜனங்களை ஏற்றாத வண்டி எத்தனை நாள் நிரம்பி ஓடும்? கட்டணத்தையும் ஆறு சோலாக உயர்த்தினார்கள். கூட்டம் குறைந்தது. 1677-ம் ஆண்டு வாக்கில் வண்டிகள் நின்றுவிட்டன.

அதன் பிறகு சுமார் 150 ஆண்டுகள் அந்த யோசனை தூங்கிக் கிடந்தது. 1826-ம் ஆண்டில் பிரான்சின் நாந்த் நகரத்தில் போத்ரி என்பவர் மறுபடியும் அத்தகைய குதிரை வண்டியை விட்டார். 1828-ம் ஆண்டில் பாரிஸுக்கும், 1829-ம் ஆண்டில் லண்டனுக்கும் அது பரவியது. இந்தத் தடவை வண்டிக்கு வைத்த பெயர் ஆம்னிபஸ். லத்தீன் மொழியில் அதற்கு அர்த்தம், எல்லோருக்கும் என்பது. அந்தப் பெயரின் வால்தான் இன்று ஊரெங்கும் வழங்கும் பஸ் என்ற சொல்.

பாஸ்கலின் வண்டியில் பாதை இருந்தது, நேரம் இருந்தது, மலிவான கட்டணம் இருந்தது, பணம் போடக் கம்பெனியும் இருந்தது. எல்லோருக்கும் என்ற அந்த ஒன்றுதான் இல்லை. அதைப் பாஸ்கலின் காலத்து நீதிமன்றம் பறித்துவிட்டது. வண்டியும் நிலைக்கவில்லை. அந்தக் கதவு திறந்த பிறகுதான் பஸ் உலகமெல்லாம் ஓடியது.

கணக்கு யந்திரமும் காற்றழுத்தமும் பாஸ்கலின் புத்திக்குச் சாட்சி. சேற்றில் நடந்தவர்களுக்காக அவர் நினைத்த ஐந்து சோல் வண்டி அவருடைய இதயத்துக்குச் சாட்சி.